அல்சைமர் முதலில் பார்த்தது மூளையின் இரத்தக்குழாயைத்தான்

விடிய இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கும்போதே எழுந்து, படங்கைத் தேடி, கூடையைத் தேடி, பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று லயத்துக் கதவைத் திறக்கும் வயோதிபத் தாய்மார் இருக்கிறார்கள். பதுளை, பசறை, நமுனுகுலை, மடுல்சீமை பக்கத்துத் தோட்டங்களில் பேச்சுக்கொடுத்தால், தங்கள் லயத்திலும் அப்படி ஒரு பாட்டி இருந்தார் என்று யாராவது சொல்வார்கள். செக்ரோலில் இருந்து அவர்களுடைய பெயர் எடுக்கப்பட்டு இருபது வருடமாகியிருக்கும். காலையில் சாப்பிட்டது நினைவில் இருக்காது. பத்து வயதில் கொழுந்தெடுத்த மலையின் நம்பர் நினைவிருக்கும்.

வயது போனால் அப்படித்தான் என்று வீட்டில் சொல்வார்கள். முனி அடித்துவிட்டதென்று கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இதையே அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள். வைத்தியசாலைவரை போனவர்களின் கிளினிக் கொப்பியில் மட்டும் ஒரு ஜேர்மன் வைத்தியரின் குடும்பப் பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயர் உலகமெங்கும் ஒரு நோயின் பெயராகிவிட்டது. அதைச் சுமந்த மனிதர் 1915ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார்.

அலொய்ஸ் அல்சைமரின் வாழ்க்கையைத் தோட்டத்து வாசகர்களும், தோட்டத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களும் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. மூளைக்குள் படியும் புரதக் கறைக்காகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், அவர் அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே மூளையின் இரத்தக்குழாய்களை ஆராய்ந்தவர். அந்தப் பாதி நீண்டகாலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஏழைகளின் கைக்கெட்டிய மருந்து அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

காதுக் குறும்பியிலிருந்து மூளைக்கு

1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி, ஜேர்மனியின் பவேரியாவில், மைன் ஆற்றங்கரையிலுள்ள மார்க்பிரைட் என்ற சிறு ஊரில் அல்சைமர் பிறந்தார். தகப்பனார் நொத்தாரிசு. கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் அஷாஃபென்பர்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. பெர்லின், டியூபிங்கன், வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகங்களில் அவர் மருத்துவம் படித்தார். 1887இல் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விடயம் காதில் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால், நுணுக்குக்காட்டியோடு மணிக்கணக்கில் உட்காரும் பழக்கம் அங்கேயே தொடங்கியது.

1888 டிசம்பரில் பிராங்பேர்ட் நகரின் மனநோயாளர் வைத்தியசாலையில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். கோட்டைபோன்ற அந்தக் கட்டடத்தை ஊரார் பைத்தியக்காரர் மாளிகை என்றே அழைத்தார்கள். நோயாளிகளைக் கட்டிவைப்பதும் அடைத்துவைப்பதும் சாதாரணமாக இருந்த காலம் அது. அங்கு பணிப்பாளராக இருந்த எமில் சியோலியும் அல்சைமரும் அதைக் குறைக்க முயன்றார்கள். கட்டுகளுக்குப் பதிலாக வெந்நீர்க் குளியல், நடமாட இடம், பக்கத்தில் உட்கார்ந்து பேசும் வைத்தியர். நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் அல்சைமருக்குக் கடைசிவரை இருந்தது.

அடுத்த வருடம் ஃபிரான்ஸ் நிஸ்ல் என்ற இளம் வைத்தியர் அங்கு வந்தார். நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் தெளிவாகப் பார்ப்பதற்குச் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். பகலில் வார்ட், இரவில் ஆய்வுகூடம் என்று இருவரும் வருடக்கணக்கில் சேர்ந்து உழைத்தார்கள்.

அந்த இரவுகளில் அல்சைமர் கூர்ந்து கவனித்த விடயங்களில் ஒன்று இரத்தக்குழாய். முதுமையில் அறிவு மங்கி இறந்தவர்களின் மூளையில் இரத்தக்குழாய்கள் தடித்து, ஒடுங்கியிருப்பதையும், அவற்றைச் சுற்றியிருந்த நரம்புக் கலங்கள் அழிந்துபோயிருப்பதையும் அவர் கண்டார். 1894இல் இதைப்பற்றி ஜேர்மன் மனநல வைத்தியர்கள் முன்னிலையில் விளக்கினார். அதே வருடத்தில் ஒட்டோ பின்ஸ்வாங்கர் என்ற வைத்தியரும் இதையொத்த நிலையொன்றை விவரித்தார். இரத்தக்குழாய் பழுதானால் மறதி வரும் என்ற இன்றைய அறிவுக்கு இவர்கள் இருவரும் முன்னோடிகள்.

அதே 1894இல் அல்சைமர் செசிலி என்ற கைம்பெண்ணை மணந்தார். அவருடைய முதற் கணவர் வைர வியாபாரி. செசிலியின் சொத்து இருந்ததால்தான் பிற்காலத்தில் அல்சைமரால் சம்பளமில்லாமல்கூட ஆராய்ச்சி செய்ய முடிந்தது. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். 1901 பெப்ரவரியில் செசிலி இறந்தார். கடைசிப் பிள்ளை அப்போது சிறு குழந்தை. பிள்ளைகளை வளர்க்க அல்சைமரின் சகோதரி வந்து சேர்ந்தார். அல்சைமர் வேலையில் மூழ்கிப்போனார்.

தன் பெயரை எழுத முடியாத பெண்

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி, அவுகுஸ்ட டேட்டர் என்ற பெண்ணை அவருடைய கணவர் அந்த வைத்தியசாலைக்குக் கூட்டிவந்தார். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவுகுஸ்டவுக்கு வயது 51 மட்டுமே. சில மாதங்களாகக் கணவர்மேல் காரணமில்லாத சந்தேகம். சமையல் பிழைத்தது. பொருட்களை எங்கோ ஒளித்துவைத்துவிட்டுத் தேடினார். வீட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் அலைந்தார்.

மறுநாள் அல்சைமர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகள் கேட்டு, பதில்களை அப்படியே எழுதிவைத்தார். கணவரின் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னார். மத்தியானம் பூக்கோவாவும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது திருமதி என்று எழுதியதோடு பேனை நின்றது. அதன்பின் என்ன எழுதவேண்டுமென்பதை அவர் மறந்துவிட்டார். தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் அடிக்கடி முறையிட்டதும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது.

வயோதிபர்களிடம் இதைப் பார்த்துப் பழகியிருந்த அல்சைமருக்கு 51 வயதில் இது புதிது. எமில் கிரேப்லின் என்ற புகழ்பெற்ற பேராசிரியரின் அழைப்பில் ஹைடல்பேர்க் போய், 1903இல் மியூனிக் நகருக்கு மாறிய பின்னரும் அவுகுஸ்டவின் நிலையை விசாரித்துக்கொண்டே இருந்தார். 1906 ஏப்ரல் 8ஆம் திகதி அவுகுஸ்ட இறந்தார். படுக்கைப் புண்ணும் அதனால் வந்த கிருமித்தொற்றும் கடைசிக் காலத்தில் அவரை வாட்டின. சியோலி அவருடைய மூளையையும் மருத்துவக் குறிப்புகளையும் மியூனிக்குக் கொடுத்தனுப்பினார்.

மூளை சுருங்கியிருந்தது. வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தபோது நரம்புக் கலங்களுக்குள்ளே முறுக்கிய நூல்போன்ற சிக்கல்களும், கலங்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகக் கறைகளும் தெரிந்தன. பெரிய இரத்தக்குழாய்களில் தடிப்பு இருந்ததையும் அல்சைமர் தன் அறிக்கையில் குறித்தார். 1906 நவம்பர் 3ஆம் திகதி டியூபிங்கன் நகரில் நடந்த வைத்தியர் கூட்டத்தில் இதைச் சமர்ப்பித்தார். சபையிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

ஒரு நோய், இரண்டு பெயர்

1910இல் கிரேப்லின் தன் பாடநூலின் புதிய பதிப்பில் இந்த நிலைக்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இளவயதில் வரும் மறதிக்கே உரியதென்று வைத்தியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அறுபத்தைந்து தாண்டியவர்களின் மறதி வயதின் கோளாறாக, இரத்தக்குழாய் தடித்ததன் விளைவாகத் தனியே ஒதுக்கப்பட்டது. இளவயதுக்காரருக்கு நோய், கிழவிக்கு வயது என்ற பிரிவு அரைநூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. நம்முடைய வீடுகளில் இன்றும் அது போகவில்லை.

அல்சைமர் அதைப் பார்க்க இருக்கவில்லை. மியூனிக்கில் உலகின் பல பக்கங்களிலிருந்தும் வந்த மாணவர்களுக்கு நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு மாணவரின் மேசையிலும் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன சுருட்டுத் துண்டு மாலையில் கிடக்குமென்று சொல்வார்கள். 1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று போலந்தில் விரோட்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் நகரம் அது. அங்கு போகும் ரயில் பயணத்திலேயே நோயில் விழுந்தார். கிருமித்தொற்று இருதயத்தைப் பாதித்தது. அதன்பின் அவர் முழுமையாகத் தேறவில்லை. முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915 டிசம்பர் 19ஆம் திகதி இறந்தார். வயது 51. அவுகுஸ்ட வைத்தியசாலைக்கு வந்தபோது இருந்த அதே வயது. பிராங்பேர்ட்டில் மனைவியின் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள்.

அவுகுஸ்டவின் மருத்துவக் கோவை 1995இல் பிராங்பேர்ட்டில் மீண்டும் கிடைத்தது. மூளைத் துண்டுகள் பதிந்த கண்ணாடித் தகடுகளும் பின்னர் மியூனிக்கில் அகப்பட்டன. புதிதாக ஆராய்ந்தவர்கள் 1998இல் வெளியிட்ட முடிவின்படி, சிக்கல்களும் கறைகளும் அல்சைமர் சொன்னபடியே இருந்தன. கிடைத்த தகடுகளில் இரத்தக்குழாய்த் தடிப்புக்கான அடையாளம் இல்லை. ஆகவே அவுகுஸ்டவின் நோயை இரத்தக்குழாயால் வந்ததென்று சொல்லமுடியாது. ஆனால், வயதில் மூத்த நோயாளிகள் பலரின் கதை வேறு.

இரத்தக்குழாய் திரும்பி வந்த விதம்

1970களில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. முதியவர்களின் மறதியிலும் பெரும்பாலும் அதே சிக்கல்களும் கறைகளுமே காணப்படுகின்றன என்பது தெளிவானது. வயதானவர்களின் மறதியும் அல்சைமர் நோய்தான் என்று 1976இல் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ரொபர்ட் கட்ஸ்மன் வலியுறுத்தினார். அது நல்ல மாற்றம். ஆனால், தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஆராய்ச்சியும் பணமும் கறையின் பின்னால் போக, இரத்தக்குழாய் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தக் கறையின் புரதமான அமிலொயிட் பீட்டாவை 1984இல் ஜோர்ஜ் கிளென்னர் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது மூளையைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்ச் சுவர்களிலிருந்துதான்.

இன்று வைத்தியர்கள் விளங்கிக்கொண்டிருப்பது இது. மூளையின் எடை உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால், உடம்பு பாவிக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதைக் கொண்டுவருவதும், கழிவுகளை வெளியேற்ற உதவுவதும் மயிரிழையைவிட மெல்லிய இரத்தக்குழாய்கள். வருடக்கணக்காக உயர் குருதி அமுக்கமும் சீனி வருத்தமும் இருந்தால் அவற்றின் சுவர் தடிக்கிறது, அல்லது கசிகிறது. கழிவாக வெளியேறவேண்டிய அமிலொயிட் தேங்குகிறது. தேங்கிய அமிலொயிட் குழாய்ச் சுவரிலேயே படிந்து குழாயை இன்னும் பலவீனமாக்குகிறது. ஒன்று மற்றதை வளர்க்கிறது.

அமெரிக்காவில் 678 கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு இதை எளிமையாகக் காட்டியது. அல்சைமர் கறைகள் மூளையில் இருந்தும் சிலர் இறக்கும்வரை தெளிவாக இருந்தார்கள். அதே கறைகளோடு சிறு இரத்தக்குழாய் அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களிடம் மறதி நோய் மிக அதிகமாகக் காணப்பட்டது. இந்த முடிவு 1997இல் வெளியானது. கறையை நாம் தடுக்க முடியாமல் போகலாம். அடைப்பைப் பெருமளவுக்குத் தடுக்கலாம்.

எட்டாத மருந்தும் எட்டும் மருந்தும்

கறையை அகற்றும் மருந்துகள் இப்போது வந்துவிட்டன. லெக்கனெமாப் 2023இலும் டொனனெமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்றன. நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இவை. லெக்கனெமாப் 18 மாதப் பரிசோதனையில் நோயின் முன்னேற்றத்தை 27 சதவீதம் மெதுவாக்கியது. நோயைக் குணமாக்கவில்லை. அமெரிக்காவில் அதன் ஆரம்ப விலை வருடத்துக்கு 26,500 டொலர். இரண்டு வாரத்துக்கொரு முறை நாளத்தில் ஏற்றவேண்டும், இடைக்கிடை எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும். காரணம் மறுபடியும் இரத்தக்குழாய்தான். கறை அகலும்போது சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு இரத்தக்கசிவும் ஏற்படுகின்றன. பரிசோதனையில் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு வீக்கம் காணப்பட்டது. பெரும்பாலானவர்களுக்கு அது அறிகுறியில்லாமல் தணிந்தாலும் உயிராபத்தும் உண்டு. மடுல்சீமையிலோ பூனாகலையிலோ இருக்கும் ஒரு குடும்பம் இதைக் கனவிலும் நினைக்க முடியாது.

சீனாவின் கிராமங்களிலிருந்து 2025இல் வந்த செய்தி நமக்கு நெருக்கமானது. 326 கிராமங்களில், உயர் குருதி அமுக்கமுள்ள ஏறத்தாழ 34,000 பேர் கலந்துகொண்ட ஆய்வு அது. பாதிக் கிராமங்களில், முழு வைத்தியப் பட்டம் இல்லாத கிராம வைத்தியர்கள் பிரஷர் பார்த்து, மலிவான குளிசைகளை ஒழுங்காகக் கொடுத்து, அமுக்கத்தை 130க்கு 80 என்ற அளவுக்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். நான்கு வருட முடிவில், வழமையான சிகிச்சை மட்டும் கிடைத்த கிராமங்களைவிட அங்கு மறதி நோய் 15 சதவீதம் குறைந்திருந்தது. கிராம வைத்தியர் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வரவேண்டியவர் தோட்ட மருந்தகத்தின் வைத்திய உதவியாளர். அவரிடம் வேலை செய்யும் பிரஷர் கருவியும், ஒவ்வொரு மாதமும் குறையாத குளிசையும் இருக்கின்றனவா என்பதைத் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் சுகாதாரத் திணைக்களமும் கவனிக்கவேண்டும்.

இப்போது நடப்பது என்ன? பதுளைக்கோ பண்டாரவளைக்கோ கிளினிக் போனால் ஒருநாள் பேர் போய்விடும். பஸ் காசு வேறு. தலைச்சுற்று நின்றவுடன் குளிசையும் நிறுத்தப்படுகிறது. கருவாடும் உப்பும், வெற்றிலையோடு சேரும் புகையிலையும், விறகடுப்புப் புகையும் அப்படியே தொடர்கின்றன. பாரிசவாதம் வந்து கை கால் இழுத்த பிறகே வைத்தியசாலை நினைவுக்கு வருகிறது. அதன்பின் வரும் மறதியை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை.

மறதி நோய்க்கான ஆபத்துகளில் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்டது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், மதுவோடு, சிறுவயதில் கல்வி கிடைக்காமை, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், காற்று மாசு ஆகியனவும் அதில் உண்டு. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கும் முன்னரே கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்கள்தான் இன்றைய பாட்டிகள். 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போய், பிறகு அங்கும் யுத்தத்துக்குள் சிக்கியவர்களுக்குப் பட்டியலின் மற்றச் சில வரிகளை யாரும் விளக்கவேண்டியதில்லை.

மறதி நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளையே முதலில் அழிக்கிறது. ஆகவே இறந்துபோன மகன் இன்னும் வரவில்லையென்று வாசலில் காத்திருக்கும் தாய்க்கு, ஒவ்வொரு முறையும் அவன் செத்துவிட்டான் என்று திருத்திச் சொல்வது ஒவ்வொரு முறையும் புதிய சாவுச்செய்தி. அல்சைமர் செய்ததுபோலப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மகனைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டிருப்பது மேல். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் இது இன்னும் பாரமானது. அங்கே திருத்திச் சொல்வதற்குக்கூட ஒரு பதில் இல்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வருடத்துக்கொரு முறையாவது பிரஷரும் சீனியும் பார்க்கவேண்டும். அது பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்கவேண்டுமென்றில்லை. குளிசை தொடங்கினால் வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. தள்ளாத வயதினருக்கு அமுக்கத்தை எவ்வளவு குறைப்பது என்பதையும் வைத்தியரே தீர்மானிக்கவேண்டும், ஏனென்றால் திடீரென்று குறைந்தால் விழுந்துவிடுவார்கள். மறதி கண்டவுடன் மந்திரிப்பதற்கு முன் ஒருமுறை வைத்தியரிடம் காட்டவேண்டும். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றைக் குணப்படுத்தலாம். நோயுள்ளவரைப் பராமரிப்போருக்கு கொழும்பிலுள்ள லங்கா அல்சைமர் மன்றம் ஆலோசனை வழங்குகிறது. தோட்டங்களில் கைக்குழந்தைகளை விட்டுப்போகப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. மறதியுள்ள முதியவரை விட்டு மலைக்குப் போக அதுபோல் ஓர் இடம் பெரும்பாலும் இல்லை. அதையும் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

பிரஷர் குளிசை அல்சைமர் நோயைக் குணமாக்காது. நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும், பாரிசவாதத்தையும் தடுக்கும். 1894இல் தடித்துப்போன இரத்தக்குழாயை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அல்சைமரிடம் அதற்கு மருந்து ஒன்றும் இருக்கவில்லை. நம்மிடம் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம். இன்று அதிகாலையில் பெரட்டுக்குக் கிளம்பிய பாட்டியைக் கையைப்பிடித்துத் திரும்பக் கூட்டிவந்த மருமகளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போது என்று கேட்டுப்பாருங்கள்.